தகரத்தின் கீழே ஒரு காது

மாந்தோப்பு முதலாளி நாச்சிமுத்து, சைலன்சர் மாட்டிய ஏர்கன்னால் கிளி சுடுவார். குண்டு பக்கத்துக் கொட்டகையின் தகரக் கூரையில் விழும்போதெல்லாம் உள்ளே நிற்கும் பாவாத்தாளின் மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். பொறுக்கமாட்டாமல் அவள் ஊர்க்கூட்டத்தில் முறையிட்டாள்.

"சுடுற எனக்கே புஸ்ஸுன்னுதான் கேக்குது. பொய் சொல்றவ கொட்டகையைப் பிரிச்சுட்டுப் போகட்டும்!" என்று சீறினார் அவர்.

"சுடுறவர் காதுதான் ஊருக்கே காதுங்களா?" என்றாள் பாவாத்தாள். "வாங்க. நீங்க பால் கறங்க, தோப்புல நின்னு நான் சுடறனுங்க."

ஊரே பார்க்கிறதே என்ற வீம்பில் அவர் கொட்டகைக்குப் போய்ச் செம்போடு மாட்டடியில் குந்தினார். தோப்பிலிருந்து அவரது ஏர்கன்னாலேயே அவள் சுட்டாள். தகரம் படீரென்றது. மாடு விட்ட உதையில் முதலாளி சாணத்தில் உருண்டார்.

"ஐயோ, காதே போச்சு!"

பாவாத்தாள் துப்பாக்கியைத் தாழ்த்தினாள்.

"அப்படிங்களா? எனக்குப் புஸ்ஸுன்னுதானுங்க கேட்டுது."