சொரிமுத்துவின் காய்ச்சலும் வராத பிற்பகலும்

எல்லா ஊரிலும் நாலு முட்டாள்கள் இருப்பார்கள். மட்டியூரில் அந்த நாலு பேரைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஊர்ப் பேரூராட்சி அலுவலகத்து மொட்டை மாடியில் ஒரு மின்சாரச் சங்கு உண்டு. பகல் பன்னிரண்டு மணிக்கு அதை ஊதுவது சொரிமுத்துவின் வேலை. வேலை என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடியேறி, சங்கு அறையைத் திறந்து, ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அழுத்துகிறார். அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான், அதிலும் அந்த ஒரு பொத்தான்தான்.

சங்கு ஊதினால் மட்டியூரில் மத்தியானம். ஊதாதவரை காலை. இப்படி யாரும் சட்டம் போடவில்லை. சட்டமாக இருந்திருந்தால் மீறியிருப்பார்கள். பழக்கமாகிப் போனதால் விட முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை சொரிமுத்துவுக்குக் காய்ச்சல் வந்தது. மனைவி இசக்கியம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "ஆத்தாடி, தோசையே சுடலாம் போலிருக்கே!" என்றாள். சொரிமுத்து முறையான மனிதர். முனகிக்கொண்டே "இன்றும் நாளையும் விடுப்பு வேண்டும்" என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். இசக்கியம்மாள் அதை அலுவலகத்தில் தலைமை எழுத்தர் பால்வண்ணனிடம் கொடுத்தாள். அவர் அதைப் பிரிக்காமல் தபால் பெட்டியில் போட்டார். அந்த அலுவலகத்தில் தபாலைப் பிற்பகலில்தான் பிரிப்பார்கள். காலையில் பிரித்தால் காலையில் வேலை செய்ய வேண்டியிருக்குமே.

பன்னிரண்டு மணி ஆயிற்று. சங்கு ஊதவில்லை.

"ஐயா, கடியாரம் பன்னெண்டு காட்டுது. சங்கைக் காணோமே" என்றார் பால்வண்ணன்.

செயல் அலுவலர் கோமதிநாயகம் ஆழமாக யோசித்தார். யோசிக்கும்போது அவர் முகம் வயிற்றுவலிக்காரர் முகம்போல இருக்கும். "சங்கு ஊதலன்னா பன்னெண்டு ஆகலன்னு அர்த்தம். கடியாரம் அவசரப்படுது வே. பின்னால தள்ளும்."

பால்வண்ணன் நாற்காலி மேல் ஏறி, முள்ளைப் பதினொன்று ஐம்பத்தைந்துக்குத் தள்ளிவிட்டு இறங்கினார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பன்னிரண்டு. மறுபடி நாற்காலி. அவர் தன் உத்தியோக வாழ்க்கையிலேயே அதிகம் உழைத்தது அன்றைக்குத்தான்.

ஊரிலும் இதே லட்சணம்தான். ஹோட்டல்காரர் சாம்பார் வாளியைக் கையில் பிடித்தபடி, "சோறு ரெடி, மத்தியானம்தான் ரெடியாகலை" என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பதினாறாம் வாய்ப்பாட்டை நாற்பது தடவை சொல்ல வைத்தார். கடைசியில் பொழுது சாய்ந்தது. "காலங்காத்தாலயே இருட்டிக்கிட்டு வருதே, இன்னைக்கு நல்ல மழை இருக்கு" என்று எல்லோரும் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே.

புதன்கிழமை காய்ச்சல் விட்டது. சொரிமுத்து வந்து பொத்தானை அழுத்தினார். அன்று மட்டியூர் சாப்பிட்ட சாப்பாட்டை எழுதினால் கண் பட்டுவிடும்.

ஒருவழியாகப் பிற்பகல் வந்துவிட்டதால் தபாலைப் பிரித்தார்கள். கோமதிநாயகம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"திங்களும் செவ்வாயும் லீவு வேணுமாம். இன்னைக்குப் புதன். முடிஞ்சுபோன நாளுக்கு எப்படி வே லீவு குடுக்க?"

"குடுக்க முடியாது ஐயா. லீவு குடுக்கலன்னா அந்த ரெண்டு நாளும் அவரு வேலைக்கு வந்திருக்கணும்."

"வந்தாரா?"

"வரலை ஐயா."

"அப்போ மெமோ அடியும்."

மெமோவில் இரண்டு குற்றங்கள். ஒன்று, அனுமதியில்லாமல் காய்ச்சலில் படுத்தது. இரண்டு, ஊரின் இரண்டு மத்தியானங்களை வராமல் தடுத்தது. சொரிமுத்து அதை வாங்கிப் படித்தார். வேலை போனால் வேறு யார் கொடுப்பார்கள்? இந்த ஒரு பொத்தானை நம்பித்தான் குடும்பம் ஓடுகிறது. வீட்டுக்குப் போய்ச் சொன்னார். இசக்கியம்மாள் ஒப்பாரி வைக்கவில்லை, துணியை மூட்டை கட்டினாள்.

"வேலை போச்சுன்னா நான் எங்க அப்பா வீட்டுக்குப் போயிருவேன், பார்த்துக்கிடுங்க. நாளைக்கு மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் கிளம்பிருவேன்."

மறுநாள் வியாழக்கிழமை காலையில் விசாரணை. கோமதிநாயகம் வியாழக்கிழமை விரதக்காரர். காலையில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது, மத்தியானம்தான் சாப்பாடு. வெறும் வயிற்றோடு நாற்காலியில் சாய்ந்து, "காய்ச்சல் வந்ததுக்கு என்ன ஆதாரம்?" என்று ஆரம்பித்தார்.

"வந்துச்சு ஐயா. ரெண்டு நாள் இருந்துட்டுப் போயிருச்சு."

"ஆதாரத்தைப் போக விடலாமா வே? நாலு பேரு கேப்பாங்களேன்னு பிடிச்சு வச்சிருக்க வேண்டாமா?"

சொரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். இது அவருக்குத் தோன்றவே இல்லை.

பால்வண்ணனுக்கு இரக்கம் வந்தது. "காய்ச்சல் எங்கே இருந்துச்சுன்னாவது சொல்லும்."

"போர்வைக்குள்ளதான் ஐயா. ரெண்டு நாளும் வெளியவே வரலை."

மூட்டையோடு விசாரணைக்கு வந்திருந்த இசக்கியம்மாளே அதிலிருந்த போர்வையை எடுத்து மேஜையில் வைத்தாள். பால்வண்ணன் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. நியாயமாக விசாரிக்க வேண்டும் என்பதால், அதை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் அரைமணி நேரம் போட்டு எடுத்துவந்தார்கள்.

"ஐயா, சுடுது!" என்று கத்தினார் பால்வண்ணன்.

கோமதிநாயகமும் தொட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று கையை எடுத்தார். "நல்ல காய்ச்சல்தான்."

சொரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை தப்பித்தது என்று நினைத்து, இருந்த இடத்திலிருந்தே குலசாமியைக் கும்பிட்டார். பாவம், கொஞ்சம் பொறுத்துக் கும்பிட்டிருக்கலாம்.

"ஆக, போர்வைக்குக் காய்ச்சல்ங்கிறது ருசுவாயிருச்சு" என்றார் கோமதிநாயகம். "போர்வைக்குக் காய்ச்சல்னா நீரு எதுக்கு வே லீவு போட்டீரு?"

யாருக்குக் காய்ச்சல் என்பதில் சொரிமுத்துவுக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

உத்தரவு தயாரானது: "சொரிமுத்து இன்று பிற்பகல் முதல் பணியிலிருந்து நீக்கப்படுகிறார். சங்கு அறைச் சாவியை உடனே ஒப்படைக்க வேண்டும்." சொரிமுத்து அழுதுகொண்டே சாவியைக் கொடுத்தார். கோமதிநாயகம் அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். அப்போது மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

பன்னிரண்டு ஆயிற்று. சங்கு ஊதவில்லை. பால்வண்ணன் பழக்கதோஷத்தில் நாற்காலி மேல் ஏறி முள்ளைத் தள்ளினார். ஆறாவது தடவை ஏறும்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஐயா, சங்கு ஊத ஆளில்லையே!"

"புது ஆளைப் போடும்."

"பிற்பகல்தான் ஐயா இடம் காலியாகும். அதுவரைக்கும் சொரிமுத்துதான் வேலையில இருக்காரு."

கோமதிநாயகம் சொரிமுத்துவை முறைத்தார். "வேலையில இருந்துக்கிட்டே சங்கு ஊதாம நிக்கீரா? இவருக்கு இன்னொரு மெமோ அடியும்!"

"சாவி உங்ககிட்ட இருக்குய்யா" என்றார் சொரிமுத்து.

"வாய்ல கேட்டா ஆச்சா? மனு எழுதிக் குடும்."

சொரிமுத்து சாவி கேட்டு மனு எழுதினார். பால்வண்ணன் பயபக்தியோடு வாங்கித் தபால் பெட்டியில் போட்டார். பிற்பகல் வந்ததும் பிரிக்கலாம் என்று மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வாசல்படியில் இசக்கியம்மாள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானத்துக்காகக் காத்திருந்தாள்.

பால்வண்ணன் முள்ளை எழுபதாவது தடவை தள்ளியபோது கோமதிநாயகத்துக்குக் கண் இருட்டியது. காதுக்குள் வண்டு பறந்தது. "தலை சுத்துது வே. என்னால முடியல. உடம்பு சரியில்லன்னு லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போறேன்." கோணல்மாணலாகக் கடிதம் எழுதினார். "இதுக்கு யாரு அனுமதி குடுக்கணும்?"

"நீங்கதான் ஐயா."

"அப்போ குடும், கையெழுத்துப் போட்டுருவோம்."

"அது எப்படி ஐயா? தபாலாச்சே" என்று பால்வண்ணன் அந்தக் கடிதத்தையும் பெட்டிக்குள் போட்டார். அது சொரிமுத்துவின் மனு மேல் போய் விழுந்தது.

கோமதிநாயகத்தின் தலை சாய்ந்தது. நாற்காலியிலிருந்து சரியப் போனவரைச் சொரிமுத்து ஓடிப்போய்த் தாங்கினார்.

"ஐயா, மயங்கிராதீங்க! அனுமதி இல்லாம மயங்கினா மெமோ!"

அதைக் கேட்டதும் கோமதிநாயகம் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். சொரிமுத்து வலது தோளைப் பிடித்துக்கொண்டார். இடது தோளையும் பிடித்தால்தான் ஆள் சரியாமல் இருப்பார். ஆனால் பால்வண்ணனுக்கு வேலை இருந்தது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. இசக்கியம்மாள் வானத்தைப் பார்த்துவிட்டு, மூட்டையைப் பிரித்துக் குடையைத் தேடினாள்.

பால்வண்ணன் நாற்காலி மேல் ஏறினார். "கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க ஐயா, மத்தியானத்துக்கு இன்னும் அஞ்சே நிமிஷம்தான்" என்று சொல்லி, முள்ளைப் பின்னால் தள்ளினார்.