உளுந்து வரைக்கும்

"ஏன் விலையை ஏத்தினேன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டை போச்சு சாமி. ஒருத்தரும் காது கொடுத்துக் கேக்க மாட்டேங்கறாங்க."

அங்கம்மா இதைச் சொன்னபோது தம்பிசாமி வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

மலையடியில் ஒரு ஓட்டுக் கட்டடம். அதுதான் மடம். அதில் அவர் ஒருத்தர்தான் இருந்தார். அங்கம்மாவை விட இருபது வயது சின்னவர். அதனாலேயே எல்லாருக்கும் அவர் தம்பிசாமி.

அங்கம்மா இட்லி மாவு விற்கிறவள். வீட்டு வாசலிலேயே வியாபாரம். புருஷன் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகன் வெளியூரில்.

"எவ்வளவு ஏத்துனீங்க?"

"கிலோவுக்கு அஞ்சு ரூபா."

"எத்தனை வீடு குறைஞ்சுது?"

"முப்பதுல பதினொண்ணு. மிச்சம் இருக்கிறவங்களும் கேலி பண்றாங்க. ஒருத்தி சொல்றா, 'நியூஸ் முடிஞ்சுதாக்கா, மாவைக் குடுங்க'ன்னு."

தம்பிசாமி கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் மாவு வாங்க வந்த ஆளுன்னு வெச்சுக்கங்க. எனக்குச் சொல்லுங்க."

அங்கம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கரண்டி பிடித்த மாதிரி கையை வைத்துக்கொண்டாள். குனிந்து, இல்லாத குண்டானில் இல்லாத மாவை அள்ளினாள். அப்படி அள்ளினால்தான் அவளுக்குப் பேச்சு வரும்.

அரிசியில் ஆரம்பித்தாள். போன தையில் என்ன விலை, இப்போது என்ன விலை. அப்புறம் உளுந்து. அப்புறம் கரண்டு பில். கிரைண்டர் கல் கொத்த வந்தவர் கேட்ட கூலி. தண்ணி லாரி. முட்டி வலிக்கு வாங்குகிற தைலம் வரைக்கும் விடவில்லை.

"அதனாலதான் அஞ்சு ரூபா. நியாயம்தானே?" என்று நிமிர்ந்தாள்.

எதிரே யாரும் இல்லை.

வாழைக்காய் மட்டும் தண்ணீரில் கிடந்தது.

தம்பிசாமி கிணற்றடியில் துண்டைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்ப எந்திரிச்சுப் போனீங்க சாமி?"

"உளுந்து வந்தப்பவே."

அங்கம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவங்க கேக்கலைன்னுதானே இங்க வந்தேன். ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். நீங்களும் இப்படிப் பண்ணா?"

"வியாபாரம் போயிடும்னு பயமா?"

"காசு கிடக்குது சாமி. மகன் ஏதோ அனுப்புவான்."

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையில ஆறு மணிக்கு வாசல்ல வந்து 'அக்கா'ன்னு கூப்பிடுவாங்க. முப்பது குரல். இப்போ பத்தொம்போது. அதுவும் போயிட்டா என்னைக் கூப்பிட ஆளே இல்லை. கிரைண்டரை நிறுத்திட்டா என் வீட்டுல வேற சத்தம் கிடையாது."

தம்பிசாமி வந்து உட்கார்ந்தார்.

"முதல்ல வாங்குறதை நிறுத்துனது யாரு?"

"ரோஸ்லின் டீச்சர். அடுத்த தெரு. ஒம்போது வருஷமா வாங்குறவங்க. விலையை ஏத்துன அன்னைக்கு வந்தாங்க. நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன். நிமிர்ந்து பார்த்தா ஆளைக் காணோம். ஒண்ணும் வாங்காமப் போயிட்டாங்க. அப்புறம் வரவே இல்லை. அஞ்சு ரூபாய்க்கு!"

"அன்னைக்கு அவங்க முகம் எப்படி இருந்துச்சு?"

"தூக்குவாளி கொண்டு வந்தாங்க. மூடியில ஒரு சொட்டை இருக்கும்."

"முகம்?"

அங்கம்மா யோசித்தாள். தூக்குவாளிதான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது.

"அவங்க வீட்டுக்குப் போங்க. விலையை அவங்களா கேக்குற வரைக்கும் நீங்க அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

"கேக்கலைன்னா?"

அவர் வாழைக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் அங்கம்மா டீச்சர் வீட்டுக்குப் போனாள். ஒன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது.

கதவு திறந்தது.

"ஐயோ, அக்கா! நானே வரணும்னு இருந்தேன். கோவமா அக்கா?"

அரிசி விலை அங்கம்மாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் டீச்சரின் முகத்தையே பார்த்தாள். இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது.

டீச்சர்தான் பேசினார்.

"அன்னைக்குக் காலையிலதான்க்கா என் பொண்ணு ஜெனியை ரயில்ல ஏத்திவிட்டேன். புனேல வேலை. ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு வந்தா, உள்ள இருக்க முடியலை. தூக்குவாளியை எடுத்துக்கிட்டு உங்ககிட்ட வந்துட்டேன். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. நீங்க உளுந்து விலை சொல்லிக்கிட்டிருந்தீங்க. நடுவுல எப்படிச் சொல்றது?"

அங்கம்மா வாசல்படியில் உட்கார்ந்தாள். டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்புறம் வரலாம்னு பார்த்தேன். நாங்க ரெண்டு பேரா இருந்தப்பவே ஒரு கிலோ. இனிமே அரை கிலோ கேட்டா, விலைக்காகத்தான் குறைக்கிறேன்னு நினைச்சுப்பீங்களோன்னு கூச்சமா இருந்துச்சு. ஒரு தடவை கடையில பாக்கெட் மாவு வாங்கினேன். பாதிக்கு மேல கொட்டினேன். இப்பல்லாம் பன்னுதான்க்கா, காபியில தொட்டு."

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"ஒத்தை ஆளுக்கு எவ்வளவு மாவு வேணும்னே தெரியலக்கா."

அங்கம்மாவுக்குத் தெரியும்.

"மூணு கரண்டி டீச்சர்," என்றாள். "காலையில ரெண்டு இட்லி. ராத்திரிக்கு ஒரு தோசை. நாலாவது கரண்டி புளிச்சுத்தான் போகும்."