பேராசிரியர் நடக்கவைத்த மூலக்கூறு

நுண்ணோக்கித் திரையில் பச்சைப் புள்ளிகள் வலப்பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தன.

"ஒவ்வொரு புள்ளியும் சாயம் ஏற்றிய ஒற்றை மூலக்கூறு. நான்தான் நடக்கவைத்தேன்," என்றார் பேராசிரியர் வைகுண்டம். பார்வையிட வந்த குழு திரையை நெருங்கிப் பார்த்தது.

ஆய்வக உதவியாளர் இசக்கியம்மாள் மெல்லிய குரலில், "அது நடக்கலை சார்," என்றாள்.

"ஸ்லைடு கழுவுற உனக்குத் தெரிஞ்சுடுச்சோ? இவங்க முன்னாடி நிறுத்திக் காட்டு. முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

அவள் நுண்ணோக்கியைத் தொடவில்லை. அதன்மேல் காற்றடித்த ஏசியை அணைத்தாள். ஐந்து நிமிடம் போனது. புள்ளிகளின் ஊர்வலம் நின்றது. அங்கங்கே ஒன்றிரண்டு மட்டும் இருந்த இடத்திலேயே துடித்தன.

"குளிர்ல ஸ்லைடு வச்ச தட்டு சுருங்கி நகர்ந்துச்சு சார். மூலக்கூறே நடந்தா எல்லாம் ஒரே பக்கமாவா போகும்? ஆளுக்கொரு திசையில அலையும்."

வேர்த்துப்போன வைகுண்டம் ஏசியைப் போடச் சொல்லிக் கைகாட்டினார்.

"வேண்டாம்மா," என்றார் குழுத் தலைவி. "போட்டா மறுபடி நடக்க ஆரம்பிச்சுடும்."