தப்பு வந்தா முதல்லேருந்து

ஒரு ஊர்ல ஒரு கிட்டார் இருந்துச்சு. நல்ல கிட்டார். அதுக்கு இருந்த ஒரே குறை, அதுக்குச் சொந்தக்காரன்னு ஒருத்தன் இருந்தான்.

"ம்" சொல்லு கண்ணு. நீ சொன்னாத்தான் கதை நகரும்.

"ம்."

அவன் பேரு வில்பிரட். பாளையங்கோட்டையில, கோயில் மணி அடிச்சா அடுக்களையில தட்டு அதிர்ற அளவுக்கு கிட்டத்துல வீடு. வீட்டுல அவனும் அவன் அக்கா புளோராவும்தான். புளோரா பள்ளிக்கூடத்துல டிரில் டீச்சர். கழுத்துல எப்பவும் ஒரு விசில் தொங்கும். வீட்டுலயும் தொங்கும்.

வில்பிரட் சோம்பேறி இல்லை. தினமும் உக்காந்து பிராக்டிஸ் பண்ணுவான். சோம்பேறியா இருந்திருந்தா அந்தத் தெரு நிம்மதியா இருந்திருக்கும்.

அவன் பிராக்டிஸ் எப்படின்னு கேளு. முதல்ல தலை சீவுவான். கிட்டாருக்குத் தலைமுடி தெரியும்ல? அப்புறம் கண்ணாடி முன்னால உக்காருவான். அப்புறம் கிட்டார் கழுத்தை, பறக்கப் போற கோழியைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிப்பான். ஸ்ருதி சேக்கிறதுண்டான்னு கேட்டா, "போன வாரம் சேத்ததுதான, அதுக்குள்ள எங்க போயிரும்"பான். அப்புறம் ஆரம்பிப்பான். ஜங்கு ஜக்க, ஜங்கு ஜக்க, ஜங்கு ஜக்கன்னு ரயில் விட்ட மாதிரி ஓடும். ஓடி ஓடி ஒரு இடத்துக்கு வரும். அங்க எஃப் கார்டுன்னு ஒண்ணு. ஒத்தை விரலைப் படுக்க வச்சு எல்லாத் தந்தியையும் ஒரே சமயத்துல அமுக்கணும். அந்த இடம் வந்ததும்...

டொக்!

"ச்சே!"ம்பான் வில்பிரட். உடனே முதல்லேருந்து ஆரம்பிப்பான். ஜங்கு ஜக்க, ஜங்கு ஜக்க, டொக். ச்சே. ஜங்கு ஜக்க, ஜங்கு ஜக்க, டொக். ச்சே.

தப்பு வந்தா முதல்லேருந்து. அது அவனோட கொள்கை. தப்போட மேல போகக் கூடாதாம். பெரிய கொள்கைதான். அதனால என்னாச்சு? பாட்டோட முன்பாதி, துலக்கி வச்ச பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி பளபளன்னு ஆயிருச்சு. பின்பாதின்னு ஒண்ணு உண்டுங்கிறதே தெருவுல யாருக்கும் தெரியாது. வில்பிரட்டுக்கே லேசா சந்தேகம்தான். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை இருக்கே, அது அம்மான்னு சொல்றதுக்கு முன்னால "ச்சே"ன்னு சொல்லுச்சு.

சிரிக்காதே. சிரிச்சா தூக்கம் போயிரும்.

"சிரிக்கல. ம்."

அப்போ புளோராவுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. அந்த ஊர்ல சர்ச்சைக் கோயில்னும் பாதிரியாரை ஐயர்னும்தான் சொல்லுவாங்க, அந்தக் கோயில்ல ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க. இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை ஏதும் இருந்தா இப்பவே சொல்லுங்கன்னு ஐயர் சபையார் முன்னால கேப்பார். மூணு ஓலையும் வாசிச்சு முடிஞ்சாத்தான் கல்யாணம்.

கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு கோயில் வாசல்லேருந்து பீடத்துக்கு நடந்து வரணும்ல, அதுக்கு ஒரு பாட்டு வாசிக்கணும். மாப்பிள்ளைக்கு ஒரு சித்தப்பா, ஞானராஜ்னு பேரு. அவர்ட்ட ஒரு கீபோர்டு இருந்துச்சு.

"நான் வாசிக்கேம்மா. வாசிக்கக்கூட வேண்டாம். ஒரு பட்டனை அமுக்கினாப் போதும், முழுப் பாட்டும் அதுவே வாசிச்சுரும். நான் கையைக் கட்டிட்டு நிப்பேன்" அப்படின்னாரு.

"அப்போ விருந்துச் சாப்பாட்டையும் பட்டனுக்கே போட்டுரலாமா மாமா?"ன்னு புளோரா கேட்டா. "என் தம்பி இருக்கான். அவன் கிட்டார் வாசிச்சாத்தான் நான் உள்ள வருவேன். பட்டனுக்கெல்லாம் நடந்து வர முடியாது."

ஞானராஜ் சிரிச்சாரு. "சரிம்மா. கீபோர்டு ஓரமா இருக்கட்டும். உன் தம்பி எங்கயாவது நின்னான்னா, நான் அமுக்கிருதேன்."

புளோரா சரின்னுட்டா. வில்பிரட்டைக் கேக்கவே இல்லை. அவனுக்கு ஒரே பெருமை. ஓடிப் போய்த் தலை சீவினான்.

முதல் ஓலை வாசிச்ச ஞாயிறு, மாப்பிள்ளை வீட்டார் காப்பிக்கு வந்தாங்க. எங்க தம்பி, அந்தப் பாட்டைக் கொஞ்சம் வாசின்னாங்க. வாசிச்சான். ஜங்கு ஜக்க, ஜங்கு ஜக்க, டொக். ச்சே. மறுபடி ஜங்கு ஜக்க. காப்பி ஆறுச்சு. நறுக் நறுக்குன்னு முறுக்கு கடிக்கிற சத்தம் மட்டும் தாளம் தப்பாம கேட்டுச்சு.

ஞானராஜ் ரொம்ப மரியாதையாக் கேட்டாரு: "தம்பி, முன்பகுதி அருமை. ஆமா, இந்தப் பாட்டுல மொத்தம் எத்தனை முன்பகுதி?"

வில்பிரட் அன்னைக்கு ராத்திரி தப்பு எங்கன்னு யோசிச்சான். கண்டுபிடிச்சுட்டான். தப்பு தந்தியில! மறுநாளே போய் புதுத் தந்தி வாங்கி மாட்டினான். புதுத் தந்தியில டொக் முன்னைவிடத் தெளிவாக் கேட்டுச்சு.

"ம்."

ரெண்டாவது ஓலை வாசிச்ச ஞாயிறு, ஆராதனை முடிஞ்சப்புறம் கோயில்லயே ஒத்திகை. புளோரா தலையில கல்யாண முக்காட்டு நெட்டுக்குப் பதிலா ஒரு குளிக்கிற துண்டைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னா. இவன் ஆரம்பிச்சான். ஜங்கு ஜக்க. அந்த வேகத்துக்கு நடக்க முடியுமா? அவ கிட்டத்தட்ட ஓட்டப்பந்தயத்துல வர்ற மாதிரி வந்தா. பாதி வழியில, டொக். ச்சே.

"ஏல, நான் இப்போ எங்க நிக்கணும்?"

"யக்கா, கோவிச்சுக்காதே. திரும்ப வாசல்லேருந்து வா."

போனா. வந்தா. டொக். ச்சே. திரும்பப் போனா. வந்தா. டொக். ச்சே. போனா.

ஐயர் பீடத்துக்கிட்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. கடைசியில மெதுவாக் கேட்டாரு: "புளோரா, மனசுல ஏதும் குழப்பம் இருந்தா சொல்லிரும்மா. பாதி வழி வந்து வந்து திரும்பிப் போறியே. இன்னும் ஒரு ஓலை பாக்கி இருக்கு, நிறுத்திக்கலாம்."

ஓரத்துல நின்ன ஞானராஜ், கீபோர்டு மேல தூசி இல்லாத இடத்துல தூசி தட்டினாரு.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் வில்பிரட் காரணம் சொன்னான். கோயில் ஃபேன் காத்துல விரல் குளிர்ந்துருச்சாம். நாற்காலி உயரமாம். துண்டு போட்டுக்கிட்டு வந்தா எப்படி மனசு ஒன்றும்னு வேற கேட்டான்.

புளோரா வாசல்ல செருப்பைக் கழட்டினா. விசிலை எடுத்தா. பீஈஈஈப்!

"உக்காருல. தினம் எத்தனை வாட்டி அந்த எஃபுக்கு வர்ற?"

"நிறைய வாட்டி."

"வந்து?"

"தப்பு வருது."

"அப்புறம்?"

"நிறுத்துவேன். முதல்லேருந்து..."

"அப்போ இத்தனை நாளா எதைப் பழகியிருக்க? தப்பு பண்றது, நிக்கிறது, திரும்பி ஓடுறது. மூணையும் சுத்தமாப் பழகியிருக்கடா. ஒரு வாட்டிகூட பிசகல. உனக்குக் கப்பே குடுக்கலாம்."

வில்பிரட்டுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "நான் வாசிக்கலக்கா. மாமா பட்டனையே அமுக்கட்டும்."

"அமுக்கட்டும். நான் வரமாட்டேன். வாசல்லயே நிப்பேன். மாப்பிள்ளை வந்து வாசல்ல தாலி கட்டிட்டுப் போகட்டும்."

செய்வா அவ. அது வில்பிரட்டுக்குத் தெரியும்.

அப்புறம் அவ பக்கத்துல உக்காந்தா. "ஏல, தொடர் ஓட்டத்துல எங்க பிள்ளைங்க குச்சியை எங்க கீழ போடும்? கை மாத்துற இடத்துல. அதுக்காக மைதானத்தை முழுசா ஓடிட்டு வாங்கன்னா சொல்லுவேன்? அந்த ஒரு இடத்தை மட்டும், நடந்துக்கிட்டே மாத்தச் சொல்லுவேன். பேசிக்கிட்டே மாத்தச் சொல்லுவேன். அது கைக்கு வந்தப்புறம்தான் ஓட்டம். இந்தா, இனிமே நீ முன்பாதியைத் தொட்டா விரலை ஒடிப்பேன்."

அப்போ வில்பிரட் என்ன செஞ்சான்? கண்ணாடியைச் சுவரைப் பாக்கத் திருப்பி வச்சான். நகம் வெட்டினான். உக்காந்ததும் முதல் வேலையா ஸ்ருதி சேத்தான். எஃபுக்கு முன்னால இருக்கிற கார்டு, எஃப், அதுக்குப் பின்னால இருக்கிற கார்டு. அவ்வளவுதான் பாட்டு. புளோரா முத்தத்துல துணி காயப்போட்டுக்கிட்டே நடப்பா, அந்த நடைக்குத்தான் வாசிக்கணும். கழுத்தை இறுக்கினா, பீப்! தோளைத் தூக்கினா, பீப்! வேகம் கூடினா, பீஈஈப்! தப்பு வந்து "ச்சே"ன்னு வாயைத் திறந்தா நாலு வீடு கேக்குற மாதிரி பீஈஈஈஈப்!

"டொக்குன்னா டொக்குன்னு போட்டும். கால் இடறினா நான் வாசலுக்கா திரும்பிப் போறேன்? அடுத்த அடியை வைக்கேன்ல?"

கட்டைவிரல் பிடி தளர்ந்துச்சு. படுக்க வச்ச விரலைக் கொஞ்சம் ஒருக்களிச்சு வச்சுப் பாத்தான். டொக்குங்கிறது டொங் ஆச்சு. டொங் ணொங் ஆச்சு. ஒருநாள் சாயங்காலம், ணங்!

அக்காளும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அடுத்தது, ணொக்! இல்லேன்னா கதையா? ஆனா அதுக்கு மறுநாள் ரெண்டு ணங்.

அப்புறம் பாட்டோட கடைசி வரி. அது நல்லா வந்ததும் அதுக்கு முந்தின வரி. இப்படிப் பின்னாலேருந்து முன்னால வந்தான். தெரு முதல்முறையாப் பின்பாதியைக் கேட்டுச்சு. பக்கத்து வீட்டம்மா பதறிப்போய் ஓடி வந்தா. "புளோரா, தம்பிக்கு என்ன ஆச்சு? மேலுக்கு முடியலையா? சத்தம் ஒரு மாதிரி இருக்கே!"

"ம்... தாத்தா, மூணாவது ஓலை?"

அட, தூங்கலையா நீ? மூணாவது ஓலையும் வாசிச்சாங்க. தடை உண்டான்னு ஐயர் கேட்டாரு. கல்யாணத்துக்கு யாரும் தடை சொல்லல. கிட்டாருக்குத் தடை உண்டான்னு கேட்டிருந்தா ஞானராஜ் எந்திரிச்சிருப்பாரு.

கல்யாணம் வந்துச்சு. கோயில் நிறைய ஜனம். ஞானராஜ் புதுச் சட்டை போட்டுக்கிட்டு, பட்டனுக்கு மேல விரலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, கொத்தப் போற சேவல் மாதிரி நின்னாரு. வாசல்ல வெள்ளைப் பட்டுல புளோரா. அவளுக்கு முன்னால பூக்கூடையோட ஒரு சின்னப் புள்ள.

வில்பிரட் மெதுவா ஆரம்பிச்சான். ஜங்கு ஜக்க இல்லை. ஜன்... ஜன்... ஜன்... புளோரா நடை எப்படியோ அப்படி. பாதி வழி வந்துச்சு. எஃப் வந்துச்சு.

டொக்!

ஞானராஜ் விரல் சரக்குன்னு இறங்குச்சு. ஆனா பட்டனுக்கு மேலயே நின்னுருச்சு. ஏன்னா பாட்டு அதுக்குள்ள அடுத்த கார்டைத் தாண்டி, அது பாட்டுக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு. நின்னாத்தான அமுக்கணும்? பாவம், மனுசன் விரலை மடக்கிச் சட்டைப் பொத்தானைத் தடவிக்கிட்டாரு.

அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சியா? அந்தச் சின்னப் புள்ள கூடையைக் கவுத்துருச்சு. பொத்துன்னு அத்தனை பூவும் தரையில. வேற புள்ளைன்னா தாண்டிப் போயிருக்கும். இது ஒழுங்கான புள்ள. அங்கயே சம்மணம் போட்டு உக்காந்து ஒவ்வொரு இதழாப் பொறுக்க ஆரம்பிச்சுட்டா. பின்னால புளோரா அப்படியே நிக்கா. பாட்டு முடியப் போகுது. கடைசி வரி வந்தாச்சு. பீடம் அந்தா தூரத்துல இருக்கு. ஞானராஜ் விரல் மறுபடியும் மேல எந்திரிச்சுச்சு.

பழைய வில்பிரட்டா இருந்தா என்ன பண்ணுவான்?

"முதல்லேருந்து..."

ஆமா. கல்யாணப் பொண்ணு பயந்து வாசலுக்கே போயிருப்பா. இவன் என்ன செஞ்சான், அந்தக் கடைசி வரியை எடுத்தான். சத்தத்தைக் குறைச்சு இன்னொரு வாட்டி வாசிச்சான். அதுதான அவன் கைக்கு நல்லாத் தெரிஞ்ச வரி? இன்னொரு வாட்டி. அப்புறம் அதுக்கு முந்தின வரியையும் சேத்து இன்னொரு வாட்டி. புள்ள ஒரு இதழ் பொறுக்கினா ஒரு கார்டு. ஜன்... ஜன்... ஜனங்க பாட்டே அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டாங்க. கூடை நிறைஞ்சுது. புள்ள எந்திரிச்சு, பாவாடையைத் தட்டி, கூடையில எட்டிப் பாத்துட்டு நடந்தா. புளோரா நடந்தா. அவ பீடத்துப் படிக்கு முன்னால வந்து கால் வைக்கவும், இவன் கடைசிக் கார்டைத் தட்டவும் சரியா இருந்துச்சு. ணங்ங்ங்.

விருந்துல எல்லாரும் என்ன பேசினாங்க தெரியுமா? பிரியாணியில கறி கம்மின்னு பேசினாங்க. ஐயர் பிரசங்கம் நீளம்னு பேசினாங்க. கிட்டாரைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. அவனை அதுவரைக்கும் யாரும் அவ்வளவு பாராட்டினதே இல்லை.

ஞானராஜ் மட்டும் பக்கத்துல வந்து கேட்டாரு. "தம்பி, அந்தப் பாட்டு எங்க ஊர்ல கட்டையாத்தான் முடியும். உங்க ஊர்ல கடைசிப் பகுதி இவ்வளவு நீளமா?"

"இது எங்க அக்கா நடைக்கு அளவெடுத்துத் தச்சது மாமா."

அப்புறம் போட்டோ எடுக்கிறப்போ, புளோரா சிரிச்ச முகம் மாறாம தம்பி காதுல சொன்னா: "ஏல, நடுவுல ஒரு டொக் கேட்டுச்சு."

"எனக்கும் கேட்டுச்சுக்கா."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த கார்டு வந்துருச்சு."

...ஏட்டி, முழிச்சிருக்கியா? ம் சத்தத்தைக் காணோம். சரி. பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயாச்சு, கிட்டாரும் பெட்டிக்குள்ள படுத்தாச்சு, கதை அவ்வளவுதான், கண்ணைத் திறக்காம தூங்கு.