ஒன்றுமே இல்லாத பொந்து

ஒரு காட்டில் ஒன்றுமே இல்லாத பொந்து ஒன்று இருந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன், பிள்ளைகளே! சருகு இல்லை, எறும்பு இல்லை, தூசிகூட இல்லை. ஆனால் உற்றுப் பார்த்தால், அடேயப்பா! இரண்டு குட்டித் தீப்பொறிகள் ஜோடியாகத் தோன்றும். கண் இமைப்பதற்குள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு காணாமல் போகும். மறுபடி இரண்டு தோன்றும், மறுபடி மறையும்.

அது அடைமழைக் காலம். அந்தக் காட்டில் ஒரு கரடியின் குட்டி குளிரில் வெடவெடவென்று நடுங்கியது. கரடியிடம் இருந்தது ஒரே ஒரு தேனடை. அதை மோப்பம் பிடித்து வந்தது நரி.

"கரடியக்கா, தேனடையை எனக்குக் கொடு. அந்தப் பொந்தை நீ வைத்துக்கொள். பொறிகளைப் பிரித்து இழுத்தால் அணையாமல் நிற்கும். சும்மா கிடைக்கிற சூடு! பிள்ளை பிழைத்துக்கொள்ளும்."

நரி அளந்தது பச்சைப் புளுகு. கரடி நம்பிவிட்டது, பாவம்! தேனடை முழுவதும் நரியின் வயிற்றுக்குள் போனது.

கரடி பொந்துக்குள் கைவிட்டு, "ம்ம்ம்!" என்று ஒரு ஜோடியைப் பிரித்து இழுத்தது. என்ன ஆச்சரியம்! நரியின் புளுகு பலித்துவிட்டது. இரண்டு பொறிகளும் அணையாமல் தகதகவென்று எரிந்தன! குட்டி அவற்றின் பக்கம் முகத்தைத் திருப்பியது. கரடி இன்னொரு ஜோடியை இழுத்தது. மூன்றாவது ஜோடியை இழுத்ததும் தொப்பென்று உட்கார்ந்துவிட்டது.

கிளையில் இருந்து இதையெல்லாம் கவனித்த ஓர் அணில் கத்தியது. "நிறுத்து அக்கா! நீ தொடாத பொறியெல்லாம் மறைந்துவிடுகிறது. நீ இழுத்தது மட்டும்தான் நிற்கிறது. அதில் எரிவது உன் உடம்பின் தெம்பு! இன்னும் இழுத்தால் நீ செத்துப்போவாய்!"

"நிறுத்தினால் என் குட்டி செத்துப்போகுமே!" என்று கரடி அழுதது.

அணில் ஒரே ஓட்டமாக நரியிடம் ஓடியது.

"நரியண்ணே! அந்தப் பொந்தைப் போய்க் கொடுத்துவிட்டாயே! அங்கே ஆறு பொறிகள் ஜெகஜ்ஜோதியாக எரிகின்றன!"

நரிக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. பாய்ந்து வந்து கரடியை ஒதுக்கித் தள்ளியது. "இது என் பொந்து! எல்லாப் பொறியும் எனக்குத்தான்!" என்று இழுக்க ஆரம்பித்தது.

"அப்படித்தான் அண்ணே! விடாதே!" என்று அணில் குதித்தது.

நரி இழுத்தது, இழுத்தது, இழுத்துக்கொண்டே இருந்தது! பொந்தே பகலாகிவிட்டது. புடைத்திருந்த நரியின் வயிறோ ஒட்டிக்கொண்டே போனது. வால் துவண்டது. கடைசியில் நரி மல்லாந்து விழுந்தது.

"நான் தின்ற தேன்... அவ்வளவும் எங்கே போச்சு?" என்று முனகியது.

"எங்கேயும் போகவில்லை அண்ணே. இதோ உன் எதிரில்தான் எரிகிறது!" என்றது அணில்.

அந்தச் சூட்டில் குட்டியின் நடுக்கம் நின்றது. கரடி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. நரிக்கு எழுந்து ஓடக்கூடத் தெம்பில்லை.

நீதி: சும்மா கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அது யாருடைய உடம்பிலிருந்து போகிறது என்று முதலில் பார்.