பாலிஷ் மேஸ்திரியும் பேஸ் கிட்டாரின் கழுத்தும்

மதுரை ஞானஒளிபுரத்தில் அமலி டீச்சர் பேஸ் கிட்டார் சொல்லிக்கொடுத்துவந்தார். நாலு தடித்த தந்தி, நீண்ட கழுத்து, காதைவிட வயிற்றில் அதிகம் கேட்கும் சத்தம். மேடையில் அதை வாசிப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டீச்சருக்கு அதில் வருத்தமே கிடையாது. "நான் நிறுத்திப் பாத்தாத்தான் நான் இருந்தது தெரியும்" என்பார், கொஞ்சம் கர்வமாகவே.

அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் வயதில் மூத்தவர் சவரிமுத்து மேஸ்திரி. டீச்சருக்கு நாற்பத்தொன்று, மேஸ்திரிக்கு ஐம்பது. மரச் சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது அவர் தொழில். தாத்தா காலத்துத் தேக்குக் கதவைப் போன வாரம் செய்தது என்று சொல்லவைத்துவிடுவார். அப்படி ஒரு கை.

டீச்சர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. அவராகச் சொல்லும்வரை யாரும் 'பேஸ் வாசிக்கிறேன்' என்று வெளியில் சொல்லிக்கொள்ளக் கூடாது. 'பழகுறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். மேஸ்திரி மூன்று வருஷமாகப் பழகிக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், நான் எப்ப வாசிக்கிறவன் ஆவேன்?"

"என்னண்ணே திடீர்னு?"

"மக கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகுது. என் பேருக்குக் கீழ தொழில் போடணும். பாலிஷ் மேஸ்திரி, அது இருக்கவே இருக்கு. பக்கத்துல பேஸ் கிட்டார் கலைஞர்னு போட்டா நல்லாருக்கும்னு மக சொல்லுது. எனக்கும் ஆசைதான். அச்சகத்துல திங்கக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பாங்களாம்."

டீச்சர் சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தன் சொந்த பேஸ் கிட்டாரை எடுத்து அவர் மடியில் வைத்தார். அதை அதுவரை வேறு யாரும் தொட்டதில்லை.

"ஞாயித்துக்கிழமை பகல்ல ஒரு கல்யாண வரவேற்புல கச்சேரி இருக்கு. அதுக்குள்ள இதோட கழுத்தைச் சுத்தம் பண்ணிக் கொண்டாங்க."

"எப்படிப் பண்ணணும்?"

"தந்தியைத் தளர்த்திக்கங்க. நல்லாப் பிழிஞ்ச துணியால விரல்பலகையைத் துடைங்க. குறுக்கால பதிச்சிருக்கிற ஃப்ரெட் கம்பி ஓரத்துல அழுக்கு அடைஞ்சிருக்கும், பழைய பல் பிரஷ்ஷால எடுங்க. காஞ்சதும் ரெண்டு சொட்டு எலுமிச்சை எண்ணெய் தடவி, தடவினது தெரியாம துடைச்சிருங்க. அவ்வளவுதான், வேற ஒண்ணும் வேண்டாம்."

மேஸ்திரி அதைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை சொன்னதைச் சொன்னபடி செய்தார். துணியில் கறுப்பாக அழுக்கு வந்தது. பத்தொன்பது வருஷத்து வியர்வை. கம்பி ஓரங்கள் பளிச்சென்று ஆயின. எண்ணெய் பட்டதும் ஈட்டி மரத்தின் ரேகைகள் எழுந்து வந்தன. வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் அழுக்கு போனதும் பள்ளங்கள் தெரிந்தன. முதல் ஐந்து கட்டங்களுக்குள், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில், மரம் விரல்நுனி அகலத்துக்குத் தேய்ந்து குழிந்திருந்தது. மூன்றாவது கட்டத்தில் இருந்ததுதான் ஆழம். கழுத்தின் பின்பக்கம் கட்டைவிரல் ஓடும் இடத்தில் வார்னிஷ் மொத்தமும் போய் வெறும் மரம் வெளுத்துக் கிடந்தது.

மேஸ்திரிக்குக் கை அரித்தது. பாவம், டீச்சர் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் விட்டிருப்பார் என்று நினைத்தார். பாலிஷ் போடுகிறவன் கையில் கொடுத்துவிட்டு, துடைத்தால் மட்டும் போதும் என்றால் என்ன அர்த்தம்? குறிப்பறிந்து செய்ய வேண்டாமா?

ஈட்டி மரத்தூளை அரக்கில் குழைத்து ஒவ்வொரு பள்ளத்தையும் அடைத்தார். உப்புத்தாளால் இழைத்தார். பின்பக்கம் அரக்குப் பாலிஷ் மூன்று கை ஓட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் தெரிந்தது. தொழிலுக்கு வந்த முப்பத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வேலை செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கல்யாண மண்டபத்தில் டீச்சர் உறையைத் திறந்தார்.

"எப்படி இருக்கு டீச்சர்? பழசுன்னு ஒருத்தன் சொல்ல முடியாது."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு பள்ளம் இருந்துச்சே."

"அடைச்சுட்டேன். எங்க இருந்துச்சுன்னு உங்களாலயே கண்டுபிடிக்க முடியாது."

"முடியலதான்" என்றார் டீச்சர். அவருக்குக் கோபம் வந்திருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "என் விரல் போய் உக்கார்ற இடம்ணே அது. துடைக்கத்தானே சொன்னேன்."

மேஸ்திரியின் முகம் விழுந்துவிட்டது. வேறு பேஸ் கிட்டார் கொண்டுவர நேரம் இல்லை. டீச்சர் அதையே மாட்டிக்கொண்டு மேடை ஏறினார்.

மேஸ்திரி முதல் வரிசையில் உட்கார்ந்தார். கூட்டம் பந்திக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. முதல் இரண்டு பாட்டு ஒழுங்காகப் போயிற்று. விளக்குச் சூட்டில் வியர்வை கண்டதும் புது அரக்கு பிசுபிசுத்தது. டீச்சரின் கட்டைவிரல் வழுக்கிப்போக வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. மூன்றாவது பாட்டில் ஒரு சுரம் மயிரிழை தாமதமாக விழுந்தது. பாடிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பி டீச்சரைப் பார்த்தார். மேஸ்திரி நாற்காலியின் நுனிக்கு வந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாட்டையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள். மாப்பிள்ளையின் அப்பா மேடைக்கே வந்து பிரமாதம் என்றார்.

கூட்டம் கலைந்தபின் டீச்சர் கீழே இறங்கி மேஸ்திரியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனை இடத்துல சறுக்குச்சு?"

மேஸ்திரி தலையைத் தூக்கவில்லை. "நாலு. மூணாவது பாட்டுல ஒண்ணு. அஞ்சாவதுல சரணத்துக்குப் போறப்ப ரெண்டு. கடைசிப் பாட்டுல முடியிற இடத்துல ஒண்ணு."

"கடைசியில ரெண்டு."

அவர் யோசித்தார். "இல்ல டீச்சர். ஒண்ணுதான். ரெண்டாவது நீங்க தப்பிச்சுட்டீங்க."

டீச்சர் மனசுக்குள் அந்த இடத்தை வாசித்துப் பார்த்தார். விரல்கள் முழங்காலில் அசைந்தன.

"ஆமா, தப்பிச்சுட்டேன்" என்றார். "மண்டபத்துல எத்தனை பேரு இருந்திருப்பாங்க?"

"எண்ணூறு இருக்கும்."

"அத்தனை பேர்ல அந்த நாலையும் எண்ணினது நீங்க ஒருத்தர்தான். அச்சகத்துக்குப் போன் போடுங்கண்ணே."

"என்னன்னு?"

"கலைஞர் கிலைஞர்லாம் வேண்டாம். பேஸ் வாசிக்கிறவர்னு போடச் சொல்லுங்க."

மேஸ்திரி போனை எடுத்தார். எடுத்தவர் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக ஏங்கிய வார்த்தை. நெஞ்சு நிமிர்ந்தது. கண்ணும் கலங்கியது.

"உங்க பள்ளத்தை அடைச்சவன் டீச்சர் நான். என்னையப் போய்..." என்றார். "சூடு காட்டினா அரக்கு இளகிடும். உள்ள இருக்கிறதை அப்படியே எடுத்துடறேன். பழைய ஆழத்துக்கே கொண்டுவந்துடுவேன், எனக்குக் கை இருக்கு."

"உங்களுக்குக் கை இருக்கு, தெரியும். சூடு வேண்டாம். உப்புத்தாளும் வேண்டாம்." டீச்சர் தோளிலிருந்து பேஸ் கிட்டாரைக் கழற்றி அவர் தோளில் மாட்டினார். வாரின் நீளத்தை அவர் உடம்புக்குச் சரிசெய்தார். "இனிமே இது உங்ககிட்ட இருக்கட்டும். வாசிச்சு வாசிச்சு விரலால எடுங்க."

"அப்ப உங்களுக்கு?"

"புதுசு ஒண்ணு பாத்துக்கிறேன். எங்க குழி விழும்னு எனக்குத்தான் தெரியுமே."

மேஸ்திரி இடது கையைக் கழுத்தின்மேல் வைத்தார். அவர் அடைத்த மரம் விரலுக்கடியில் வழவழவென்று இருந்தது. ஒரு பிசிறு, ஒரு கீறல் இல்லை.

"எவ்வளவு நாள் ஆகும் டீச்சர்?"

"எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆச்சு." டீச்சர் குனிந்து, அன்றைக்கு முதல்தடவையாக அந்தப் பாலிஷை நிதானமாகப் பார்த்தார். "உங்க வேலை கெட்டி. கொஞ்சம் கூடவே ஆகும்."