புயல் நாயகன் கண்ணில் படாதவர்கள்

மூணாத்துக்குளத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த தவசிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, அது குப்புற விழுந்து, தவழ்ந்து, முன்பல் ரெண்டும் முளைத்த பிறகும் பேர் வைத்தபாடில்லை. பேருக்குப் பஞ்சம் இல்லை. புயல் நாயகன் அமரேசன் வாயால்தான் வைக்க வேண்டும் என்று தவசி சபதம் போட்டிருந்தான். அமரேசன் ரசிகர் மன்றத்தின் மூணாத்துக்குளம் கிளைக்கு அவன்தான் தலைவர். மாசானம் செயலாளர். பட்டமுத்து பொருளாளர். உறுப்பினர் என்று யாரையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் அவர்களுக்கு என்ன பதவி கொடுப்பது என்று தெரியவில்லை.

பக்கத்து ஊர் ரைஸ் மில்லுக்கு அமரேசன் படப்பிடிப்புக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று, தவசியின் மனைவி உலகம்மாள் பிள்ளைக்குப் பவுடர் போட்டு அவன் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்குப் பேரோட வந்தா வாங்க. இல்லைன்னா எங்க அம்மை பேரை வச்சிருவேன். காலம்பூரா 'ஏட்டி ஆவுடை'ன்னுதான் கூப்பிடணும்."

மாமியார் பேரைக் கேட்டாலே தவசி கையிலிருக்கும் ஸ்பேனர் நழுவிக் கீழே விழும். அந்தப் பேரைச் சொல்லிப் பெற்ற பிள்ளையைக் கொஞ்சுவது எப்படி?

தவசி பிள்ளையோடும், மாசானம், பட்டமுத்துவோடும் போய்ச் சேர்ந்தபோது மில் வாசலில் நல்ல கூட்டம். போலீஸ்காரர் ஒருவர் லத்தியை ஆட்டிக்கொண்டு வந்து, "கலைங்க, கலைங்க!" என்று கத்தினார். கூட்டம் ஓடிவிட்டது. இவர்கள் மூவர் மட்டும், அமரேசனுக்காக எண்ணெய் தேய்த்துப் படியச் சீவியிருந்த தலையை மனசில்லாமல் கலைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். போலீஸ்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

டீக்கடைக்காரருக்கு இவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இப்படி நின்னா ஒரு வேலையும் ஆகாதுப்பா. உள்ள மேனேஜர்னு ஒருத்தர் இருக்காரு. அவரு கையைக் காலைப் பிடிங்க. விட்டாலும் விடுவாரு" என்றார்.

உடனே வேப்பமரத்தடியில் செயற்குழு கூடியது.

"கைன்னா எந்தக் கை?" என்றான் மாசானம்.

"சோத்துக் கைதான். பெரிய மனுசனை இடது கையில பிடிச்சா மரியாதைக் குறைவு" என்றான் பட்டமுத்து.

"காலு?"

"காலுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. எது முன்னால வருதோ அது."

"தலைவர் எதைப் பிடிக்கிறாரு?"

தவசி யோசித்தான். "என் கையில பிள்ளை இருக்குல்லா. நான் மேற்பார்வை."

அந்த நேரம் பார்த்து மேனேஜர் போனில் பேசிக்கொண்டே வெளியே வந்தார். மாசானம் அவருடைய வலது கையை இறுகப் பற்றினான். பட்டமுத்து உட்கார்ந்து, முன்னால் வந்த இடது காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். மேனேஜர் ஒற்றைக் காலில் குதிக்க ஆரம்பித்தார்.

"டேய்! விடுங்கடா! விடு! விடு!"

கேட்டில் நின்ற வாட்ச்மேன் காதில் மேனேஜர் குரல் விழுந்தது. விடச் சொல்கிறார் என்று கேட்டை அகலத் திறந்துவிட்டார். மூவரும் நன்றி சொல்லிக்கொண்டே உள்ளே போனார்கள். பிடித்ததை விடச் சொன்னதாக இவர்களில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் மேனேஜரும் ஒற்றைக் காலில் கூடவே போனார்.

உள்ளே ஷாட் ஓடிக்கொண்டிருந்தது. கத்தினால் அது கெட்டுப்போகும். மேனேஜர் காலை ஒருவழியாக உருவிக்கொண்டு, இவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஐயா சாமிங்களா, அந்த நெல் மூட்டை பக்கத்துல ஓரமா நில்லுங்க. சார் இன்னைக்கு நல்ல மூடுல இல்ல. அவர் கண்ணுல மட்டும் பட்டுடாதீங்க."

நெல் மூட்டை ஓரத்தில் மறுபடியும் செயற்குழு கூடியது. இந்த முறை ரகசியமாக.

"நியாயந்தானே" என்றான் பட்டமுத்து. "போன வருசம் என் கண்ணுல வெல்டிங் பொறி பட்டுது. ரெண்டு நாள் தூங்கலை. பொறிக்கே அப்படின்னா, மூணு ஆளு பட்டா அவருக்கு எப்படி இருக்கும்?"

"நடிகருக்குக் கண்ணுதானே மூலதனம்" என்றான் மாசானம்.

தவசி, தலைவர் என்ற முறையில், ஆழமாக யோசித்தான். "கரண்டு போச்சுன்னா எனக்கு உன்னையத் தெரியுமா?"

"தெரியாது."

"உனக்கு என்னைய?"

"தெரியாது தலைவரே."

"அப்ப நாம இருட்டாக்கிட்டா அவருக்கும் நம்மளத் தெரியாது. கண்ணை மூடுங்கலே."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மூவரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்கள்.

தவசி விவரம் தெரிந்த நாளிலிருந்து திரையில் பார்த்த மனுஷன், பத்தடி தூரத்தில். செண்டு வாசம் வந்தது. கூடவே வேர்வை வாசமும் வந்தது. புயல் நாயகனுக்கும் வேர்க்கும் என்பது அவனுக்குப் புதுச் செய்தி. செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது.

"யார் இவங்க?"

அதே குரல். தியேட்டரில் நாலு மூலையிலிருந்தும் வரும். இங்கே ஒரே பக்கத்திலிருந்து வந்தது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

"உங்க ரசிகர்கள் சார்" என்று மேனேஜர் சமாளித்தார். "பக்தியில கண்ணை மூடிட்டாங்க."

"கண்ணைத் திறங்கப்பா. நான்தான் வந்துட்டேனே."

"வேண்டாம்ணே" என்றான் தவசி. "உங்க கண்ணுல பட்டிரும். உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க தாங்க மாட்டோம்."

அமரேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இத்தனை வருஷமா நடிக்கிறேன். இப்படி ஒரு அன்பை நான் பார்த்ததே இல்லை. உங்களுக்கு என்ன வேணும்? கேளுங்க" என்றார்.

"பிள்ளைக்கு ஒரு பேரு வைக்கணும்ணே." குரல் வந்த திசையில் பிள்ளையைத் தவசி நீட்டினான்.

நீட்டியது சரியான திசைதான், உயரம்தான் கொஞ்சம் கூடிவிட்டது. பிள்ளையின் கைக்கு நேராக அமரேசனின் மீசை இருந்தது. தவசிக்குக் கேட்டதெல்லாம், பழைய டியூபிலிருந்து பஞ்சர் ஒட்டைப் பிய்ப்பது போல ஒரு 'சர்ர்'. அடுத்த நொடி புயல் நாயகன் அலறினார்.

"ஐயய்யோ! கண்டினியூட்டி!"

படத்தில் ஒரு காட்சிக்கு இருந்த மீசை அடுத்த காட்சிக்கும் அப்படியே இருக்க வேண்டுமாம். சினிமாக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பேர் அது. இவர்களுக்கு அது தெரியாது. பேர் கேட்டார்கள், பேர் வந்தது.

"கண்டினியூட்டி" என்று தவசி பிள்ளையின் காதில் மூன்று முறை சொன்னான். பிள்ளை மீசையைச் சப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டது. அவனுக்குக் கண்ணீர் வந்தது. மூடிய கண்ணுக்குள்ளேயே வந்ததால் ரொம்பவும் கரித்தது.

மேக்கப்காரர் ஓடி வந்து பிள்ளை வாயிலிருந்து மீசையை மீட்டார். அமரேசன் நல்ல மனுஷன், கோபத்தை விழுங்கிக்கொண்டார். "சரிப்பா. சந்தோஷம். போயிட்டு வாங்க" என்றார்.

மூவரும் கண்ணைத் திறக்காமலே தடவித் தடவிக் கேட் வரை போனார்கள். அப்படியே திரும்பி வந்து நின்றார்கள்.

"என்னப்பா?" என்றார் அமரேசன்.

"போயிட்டு வந்துட்டோம்ணே."

"இல்லப்பா... நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க."

அப்படியென்றால் முதலில் போனது நல்லபடியாகப் போகவில்லை போலிருக்கிறது. இந்தத் தடவை மாசானத்தின் மொபெட்டில் ஏறி ஊருக்கே போனார்கள். தவசி உலகம்மாளிடம் பேரைச் சொன்னான்.

"இது என்ன பேரு?"

மாசானம் விளக்கினான். "கண்டி சிலோன்ல இருக்கு. ஊட்டி நம்ம பக்கம் இருக்கு. ரெண்டு ஊரையும் சேர்த்து வச்சிருக்காரு."

"நடுவுல ஒரு 'னி' வருதே?"

"அது மரியாதைக்கு."

உலகம்மாள் பிள்ளையைப் பார்த்து, "ஏட்டி கண்டினியூட்டி" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பிள்ளை சிரித்தது. கூப்பிட வாட்டமாகத்தான் இருக்கிறது என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

"சரி, ஆளு எப்படி இருக்காரு? சிவப்பா?"

"தெரியாது" என்றான் தவசி. "பேசினோம். பார்க்கலை."

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. அவர் வரச் சொல்லியிருக்கிறார். பிள்ளையோடு மொபெட்டைத் திருப்பினார்கள்.

இவர்கள் மறுபடி வந்து, கேட்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு, நெல் மூட்டை ஓரத்தில் நின்றதும், அமரேசன் நாற்காலியிலிருந்து எழுந்தார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, "நீங்க இங்கேயே இருங்க. நான் போயிட்டு வரேன்" என்றார். கார்க் கதவு அறையும் சத்தம் கேட்டது. வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

இவர்கள் இருந்தார்கள். படப்பிடிப்பு வேறு ஊருக்குப் போய்விட்டது. மில்லில் பழையபடி நெல் அரைக்க ஆரம்பித்தார்கள். உலகம்மாள் தினமும் தூக்குவாளியில் சோறு கொண்டு வந்தாள். கண்டினியூட்டி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நடை பழகினாள். மில் முதலாளி அழாத குறையாகக் கேட்டார். "எத்தனை நாளைக்குய்யா இப்படி? உங்களுக்கு வேலை வெட்டி இல்லையா?"

"அண்ணாச்சி, வாரேன்னு சொல்லிட்டுப் போனது அவரு" என்றான் தவசி. "அவ்வளவு பெரிய மனுசன் நம்மளப் பார்க்க ஆசையா வரும்போது, நாம இல்லைன்னா ஏமாந்து போக மாட்டாரா?"

முதலாளிக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. ஆளுக்குப் பதிலாக ஆளுயரப் படம் வைத்தால் போதாதா என்றார். செயற்குழு கூடி, ஆளுயரம் போதாது, அமரேசன் தூரத்திலிருந்தே பார்க்கிற மாதிரி பனைமர உயரம் வேண்டும் என்று முடிவு செய்தது. மில் வாசலில் மூன்று கட்-அவுட்கள் எழுந்தன. நடுவில் தவசி கையில் பிள்ளையோடு, மாசானம் கும்பிட்டபடி, பட்டமுத்து சட்டைக் காலரைத் தூக்கிவிட்டபடி. முதல் நாள் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, குடத்தில் பாலைக் கொண்டு ஏறி அபிஷேகமும் செய்தார்கள்.

அன்று சாயங்காலம் நெல் ஏற்றி வந்த லாரி டிரைவர் ஒருவர் இறங்கி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார். பக்கத்தில் குடத்தோடு நின்ற தவசியிடம், "நடுவுல பிள்ளையோட நிக்காரே, அவரு பெரிய ஸ்டாரா அண்ணாச்சி? நேர்ல பார்க்க முடியுமா?" என்று கேட்டார்.

தவசி கண்ணுக்குக் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் மேலே பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டான்.

"கஷ்டம்ப்பா. நாங்களே இத்தனை நாளா இங்கதான் நிக்கோம். ஒரு தடவை கூட வாய்க்கலை."